இரண்டாவது தொட்டில்

ஆவுடையம்மாள் தன் ரெட்டைப் பிள்ளைகளில் மூத்ததைப் பெற்றுவிட்டு, இளையதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு, இருபது வருஷத்துக்கு மேலாக ஆனைக்கணவாய்த் தெருக்களில் பூ விற்றுக்கொண்டு திரிந்தாள் என்று வெளியூரில் போய்ச் சொன்னால், சொன்னவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். உள்ளூரில் அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு நடுவில் கணவாய் இருக்கிறது, கணவாயில் காற்று அடிக்கிறது, காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன, ஆவுடையம்மாள் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது, இதற்கெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றால் பொழப்பு நடக்குமா என்று கேட்பார்கள். அவளுடைய மூத்த மகளுக்கு மட்டும்தான் அது ஒருநாளும் பழகவில்லை.

மூத்த மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பகவதி என்று பெயர். அது டீச்சர் தன் இஷ்டத்துக்கு வைத்த பெயர். வீட்டில் அவளுக்கு முறையாகப் பெயர் வைக்கவில்லை, காது குத்தவில்லை, 'மூத்தவ' என்று மட்டும் கூப்பிட்டார்கள். ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் ரெட்டைக்கு எதைச் செய்தாலும் ஒரே பந்தலில் செய்ய வேண்டும். பெயர் வைப்பது, காது குத்துவது, தாலி கட்டுவது எல்லாமே இரண்டுக்கும் ஒன்றாக நடக்க வேண்டும், ஒன்றுக்கு முந்திச் செய்தால் மற்றதற்குக் கிடைக்காமலே போய்விடும் என்று ஒரு பயம். ஒன்று இன்னும் வெளியே வராதபோது மற்றதற்கு எப்படிச் செய்வது? ஆகவே பகவதி மூளிக்காதோடு வளர்ந்தாள்.

ரெட்டை அந்தக் குடும்பத்துச் சொத்து. அதுவும் ஒரே அச்சில் வார்த்த ரெட்டை கிடையாது, ஒட்டாத ரெட்டை. ஒன்று கறுப்பாக இருந்தால் மற்றது மாநிறம். ஒன்று பேசிப் பேசியே ஊரைக் கூட்டினால் மற்றதன் வாயில் எந்நேரமும் கொழுக்கட்டை. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் ஒரே வயிற்றில் கிடந்தவை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். இந்த ரெட்டை பெண்வழியாகத்தான் வெளியே தெரியும். ஆண்பிள்ளை அதைச் சுமந்துகொண்டுதான் நடப்பான், ஆனால் அவன் பெண்டாட்டியிடம் அது தலைகாட்டாது, பேசாமல் கொண்டுபோய்த் தன் மகளிடம் இறக்கி வைப்பான். ஆவுடையும் அவள் அண்ணன் கொம்பையாவும் ஒரே வயிற்றில் கிடந்த ரெட்டைதான். கொம்பையாவின் பெண்டாட்டி ஒவ்வொன்றாகத்தான் பெற்றாள். ஆனால் அவர் மகள் வாழப்போன வீட்டில் முதல் பிரசவமே ரெட்டை. மாப்பிள்ளை வீட்டார் அதைத் தங்கள் குலப்பெருமையாக நினைத்து ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தபோது கொம்பையா மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆவுடைக்குக் கல்யாணம் அமைந்த கதையும் அந்தப் பந்தலால் வந்ததுதான். கொம்பையாவுக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்து நாளும் குறித்தாகிவிட்டது. அதே பந்தலில் ஆவுடைக்குப் பக்கத்தில் உட்கார ஒருவன் வேண்டுமே. கையில் அகப்பட்டவன் லாரி டிரைவர் சுடலைமுத்து. நல்ல சிரிப்புக்காரன், ஓர் இடத்தில் நிற்கத் தெரியாதவன். முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது, இரண்டாவதை விசாரிக்க யாருக்கும் அவகாசம் இல்லை.

தொட்டிலுக்கும் ஒரு முறை இருந்தது. பிரசவத்துக்கு முந்தியே ஒரே உத்தரத்தில் இரண்டு மரத்தொட்டில்கள் தொங்க வேண்டும். ஒரு பிள்ளையை மற்றதன் தொட்டிலில் போட்டால் அதன் தூக்கத்தை இது எடுத்துக்கொண்டுவிடும் என்பார்கள். சுடலைமுத்து சந்தையடி ஆசாரியிடம் இரண்டுக்கும் சொல்லியிருந்தான், ஒன்றுதான் வந்திருந்தது. அதற்குள் வலி கண்டு, பகவதி அவசரம் அவசரமாக வெளியே விழுந்து வீடு அதிரக் கத்தினாள். கொம்பையா உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, "இன்னொரு தொட்டில் எங்க மாப்ள?" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். ஆவுடை வயிற்றின் மேல் கையை வைத்து உள்ளே இருந்ததிடம், "பொறு மக்கா. ஒங்க அய்யா தொட்டில் கொண்டு வரட்டும்" என்றாள். மூத்தது அவசரக் குடுக்கை என்றால் இளையது பொறுமைசாலியாகத்தானே இருக்க வேண்டும், ஒட்டாத ரெட்டை அல்லவா. அது சொன்ன பேச்சைக் கேட்டது.

சுடலைமுத்து வரவில்லை. பிள்ளையும் வரவில்லை.

உள்ளே இருந்தது சாதுதான், ஆனால் ஆவுடை உட்கார்ந்தால் மட்டும் அதற்குப் பொறுக்காது, விலா எலும்பு தெறிக்கிற மாதிரி உதைக்கும். அவள் நடந்தால் தூங்கும். அதனால் அவள் நடந்தாள். விடிவதற்குள் தோவாளைச் சந்தைக்குப் போய்ப் பிச்சியும் மல்லியும் வாங்கி, நடந்துகொண்டே தொடுத்து, நடந்துகொண்டே முழம் போட்டு விற்று, நின்றபடி சாப்பிட்டு, சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்து, கண்ணயர்ந்ததும் உதை வாங்கி மறுபடி நடந்து, ஆனி ஆடிக் காற்று அவளை முன்னால் தள்ளினால் சுலபமாகவும் எதிரே அடித்தால் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டும் நடந்து, நடந்தே காலத்தைக் கழித்தாள். பிள்ளைத்தாய்ச்சி என்று மினிபஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர்கள், கொஞ்ச நாளில் அவள் உட்கார மாட்டாள் என்று புரிந்துகொண்டு, அவள் முன்னும் பின்னும் நடக்க வசதியாகக் காலை மடக்கிக்கொள்ளப் பழகினார்கள். அங்கன்வாடியில் அவளுக்கு மாதாமாதம் சத்துமாவு கொடுத்தார்கள், அதைத் தின்றுதான் பகவதி வளர்ந்தாள். புதிதாக வரும் நர்சம்மாக்களிடம் பழைய நர்சம்மாக்கள், "இங்க ஒருத்தி இருக்கா, பயந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புதியவர் முதல் தடவை காது கொடுத்துக் கேட்டுவிட்டு வியர்த்துப் போவார், அடுத்த தடவை வயிற்றில் காதை வைத்தபடியே ரெண்டு முழம் பிச்சி கேட்பார். அரசாங்கம் வருஷாவருஷம் நடத்துகிற சமுதாய வளைகாப்பில் முதல் நாற்காலி அவளுக்குத்தான். அவள் அதில் உட்காராமல் பக்கத்தில் நின்று கால் மாற்றிக்கொண்டே வளையலுக்குக் கையை நீட்டுவாள். வளையல் போட வருகிற பெரிய மனிதர்கள் மாறினார்கள், அவள் மாறவில்லை. தெருப் பையன்கள் கபடிக்கு ஓர் ஆள் குறைந்தால் உள்ளே இருப்பதைச் சேர்த்துக்கொண்டார்கள், அந்தப் பக்கம் தோற்றால் பழியை அதன்மேல் போட்டார்கள்.

பகவதிக்கோ உடம்புக்குள் ஓர் அரிப்பு. உள்ளே இருப்பது புரண்டால் பக்கத்து அறையில் தூங்குகிற இவளும் புரண்டாள். வகுப்பில் பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள், எந்த நேரமும் யாரோ வந்து கூப்பிடப் போகிறார்கள், ஓட வேண்டும் என்பது போல. சின்ன வயதில் அம்மாவின் வயிற்றில் வாயை வைத்து, "ஏய், வா. மாங்கா இருக்கு" என்று ஆசை காட்டியிருக்கிறாள், கொஞ்சம் வளர்ந்து கெஞ்சியிருக்கிறாள், அப்புறம் திட்டியிருக்கிறாள். அது எதற்கும் அசையவில்லை. சுடலைமுத்து கோவில்பட்டிப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று லாரிக்காரர்கள் வந்து சொன்னதும், அங்கே பிள்ளைகள் ஒவ்வொன்றாகத்தான் பிறக்கின்றன, அப்படியானால் ரெட்டை அவன் சரக்கு இல்லை என்று ஊர் சிரித்ததும் பகவதியின் காதில் விழத்தான் செய்தது. ஆவுடையிடம் அதை யாரும் சொல்லவில்லை. யாராவது, "சுடலைமுத்து எங்கே?" என்று கேட்டால் ஆவுடை பூவிலிருந்து கண்ணை எடுக்காமல், "தொட்டில் வாங்கப் போயிருக்காவ" என்பாள்.

இப்படி இருக்கும்போது பகவதிக்கு ஒரு மாப்பிள்ளை வந்தான். நெல்லையப்பன் என்று பெயர், காற்றாலைகளின் உச்சியில் ஏறி ரிப்பேர் பார்க்கிறவன். உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போது கீழே ஆவுடை நிற்காமல் நடப்பதையும் அவள் பின்னால் மகள் ஓடுவதையும் பார்த்து, மகளையே பார்த்து, ஒருநாள் இறங்கி வந்து பேசிவிட்டான். பகவதிக்கும் அவனைப் பிடித்திருந்தது, மறைப்பானேன், நிறையவே பிடித்திருந்தது. காற்றுக்காலம் முடிந்ததும் அவனைக் கம்பெனியில் கர்நாடகத்துச் சித்ரதுர்காவுக்கு அனுப்புவதாக இருந்தது. அதற்குள் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், விட்டால் எப்போது திரும்புவானோ தெரியாது. ஆனிக் கடைசியில் அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். கொம்பையா நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஆவுடை பூத்தொடுத்தபடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"பொண்ணு தாரதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரெட்டைக்கு ஒரே பந்தல்லா" என்றார் கொம்பையா.

"மாமா, அது இன்னும் பொறக்கவே இல்லியே" என்றான் நெல்லையப்பன்.

"அதத்தான் நானும் சொல்லுதேன். பொறக்கட்டும்."

நெல்லையப்பனின் அம்மா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அது பொறந்து, வளந்து, அதுக்கு ஒரு சோடி தேடுததுக்குள்ள எம் மவனுக்குப் பல்லு போயிரும் அண்ணாச்சி" என்றாள்.

பகவதி அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, 'நடக்கட்டும்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆவுடை கூடத்து வாசலுக்கு வந்தாள், ஒரு கண்ணி பூ தொடுத்தாள், அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்போது பகவதிக்கு வந்த கோபத்தில் அந்த இரண்டையும், அம்மாவையும் உள்ளே இருப்பதையும் சேர்த்து, வெறுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் நெல்லையப்பனின் பைக்கில் ஏறிச் சந்தையடி ஆசாரி பட்டறைக்குப் போனாள். புதுத்தொட்டில் ஒன்று செய்யச் சொல்லலாம் என்றுதான் போனாள். அங்கே பட்டறை மூலையில், உளியும் இழைப்புளியும் போட்டு வைக்கிற பெட்டியாக, ஒரு மரத்தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருக்கிற தொட்டிலில் கிளி வரைந்திருக்கும், இதில் மயில்.

"உங்க வீட்டுதுதான் தாயி" என்றார் ஆசாரி. "அன்னைக்கே முடிச்சு வச்சுட்டேன். சுடலைமுத்து வருவான் வருவான்னு பாத்தேன். சோடி பிரிஞ்ச சாமானை வேற யாருக்குக் குடுக்க?"

"அய்யா அன்னைக்கு இங்க வந்து கேக்கலியா?"

"வாசப்படி மிதிக்கல."

இத்தனை வருஷமும் பகவதி ஒன்றை மட்டும் தன் மனதில் வைத்திருந்தாள்: அய்யா பட்டறை வரைக்கும் வந்திருப்பார், தொட்டில் ஆகவில்லை என்றிருப்பார்கள், காத்திருந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் எப்படியோ வழி தப்பிப் போயிருப்பார். அதுவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போடும்போதே அந்த ஆள் போய்விட்டான்.

தொட்டிலைத் தனக்கும் நெல்லையப்பனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். காற்று தொட்டிலுக்குள் புகுந்து வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது.

"அப்படியே நமக்கும் ரெண்டு சொல்லி வச்சிருக்கலாம்" என்றான் அவன்.

"எனக்கும் ஒண்ணு உள்ளயே தங்கிட்டுன்னா?"

அவன் வேகத்தைக் குறைத்து வண்டியை நேர்ப்படுத்தினான். அப்புறம், "தங்குனா நட. நானும் கூட நடக்கேன்" என்றான். பகவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. காற்றில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டாள்.

ஆவுடை பூக்கூடையோடு வீட்டுக்குள் வந்தபோது உத்தரத்தில் இரண்டு தொட்டில்களும் தொங்கின. சன்னல் வழியாக வந்த காற்றில் கிளித்தொட்டில் வேகமாகவும் மயில்தொட்டில் மெதுவாகவும் ஆடின. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள், கூடத்திலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து கூடத்துக்கு.

"தொட்டில் வந்துட்டும்மா. வரச் சொல்லு" என்றாள் பகவதி.

"ஒங்கய்யா கொண்டு வரட்டும்னுதான சொன்னேன்."

"அய்யா வரமாட்டாரு. கோவில்பட்டியில அவருக்கு வேற குடும்பம் இருக்கு, பிள்ளைய இருக்கு. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றாள் ஆவுடை.

ஆவுடை நடந்துகொண்டே இருந்தாள்.

"எப்ப தெரியும்?"

"நீ பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போனல்லா, அப்பமே தெரியும். சந்தையில வச்சு ஒருத்தி வேணும்னே எங்காதுல விழுத மாதிரி சொன்னா."

"பெறவு எதுக்கும்மா? எதுக்கு இந்தப் பாடு?"

"இது வயித்துல கெடக்க வரைக்கும் அவிய தொட்டில் வாங்கப் போன ஆளு. இது வெளிய வந்துட்டுன்னா, என்ன விட்டுட்டுப் போன ஆளுல்லா?" ஆவுடை உத்தரத்தைப் பார்த்தாள். "நான் புருசன் விட்டுட்டுப் போன பொம்பளைன்னு ஆயிருவேன்லா ஏட்டி."

பகவதிக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. "அப்ப நான் யாரும்மா?" என்று கேட்டாள். "உன் வயித்துல இருந்து வந்து இம்புட்டு வருஷமாச்சு. எனக்கு ஒரு பேரு இல்ல. காதுல ஒரு கம்மல் இல்ல. அவரு வரலன்னு ஒத்துக்கிட மாட்டேன்னு, வந்தவளயும் வாசல்லயே நிப்பாட்டி வச்சிருக்கியே."

ஆவுடையின் நடை நின்றது. பகவதியின் மூளிக்காதுகளை, ஏதோ இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி, ஒன்று மாற்றி ஒன்று பார்த்தாள். பிறகு கிளித்தொட்டிலுக்கும் மயில்தொட்டிலுக்கும் கீழே, தரையில், கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்தாள். உதை விழுந்தது, பகவதிக்கே அது கேட்டது. ஆவுடை எழுந்திருக்கவில்லை. "வா மக்கா. தொட்டிலு வந்துட்டு. அய்யா வரல" என்றாள்.

அது உடனே கிளம்பிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

பையன். பகவதி கறுப்பு, அவன் எலுமிச்சை நிறம். பகவதி மொட்டைத்தலையோடு பிறந்தவள், அவனுக்குத் தோளைத் தொடுகிற முடி. ஓடி வந்த நர்சம்மா தட்டிப் பார்த்தார், அவன் அழவில்லை, எல்லாரையும் சாவகாசமாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனான். ஊரே திரண்டு வந்தது. வந்தவர்கள் பிள்ளையை எட்டிப் பார்த்தது கொஞ்ச நேரம்தான், அதைவிட அதிக நேரம் ஆவுடை உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் இறங்கி வந்து பார்த்தார். அடுத்த வளைகாப்புக்கு முதல் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று அங்கன்வாடி டீச்சருக்குக் கவலை வந்துவிட்டது.

ஆவணி பிறந்ததும் வாசலில் பந்தல் போட்டார்கள். பெயரும் காதுகுத்தும் ஒரே நாளில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கொம்பையா ஒரு தொடையில் பச்சைப்பிள்ளையையும் மறு தொடையில் இருபது தாண்டிய பகவதியையும் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தர் ஊசியை எடுத்ததும் பகவதி 'அய்யோ' என்று கத்தினாள், அவன் கொட்டாவி விட்டான். அவன் காதில் பூதலிங்கம் என்று சொன்னார்கள். இவள் காதில் குனிந்து ஆவுடை, "பகவதி, பகவதி, பகவதி" என்றாள். பழகின பெயர்தான், ஆனால் அம்மா வாயிலிருந்து வந்தபோது அது வேறு பெயராகக் கேட்டது.

கொம்பையா காலை உதறிக்கொண்டே எழுந்தார். "எல்லாம் முறைப்படி முடிஞ்சுது. இனி இவன் மீசை முளைக்கட்டும், ரெண்டுக்கும் ஒரே பந்தல்ல ஜாம் ஜாம்னு கல்யாணத்த வச்சிருவோம்" என்றார். நெல்லையப்பனின் முகம் செத்துப்போயிற்று. கூட்டத்தில் நாலைந்து பேர் அது நியாயம்தானே என்று தலையாட்டவும் செய்தார்கள்.

"பந்தலப் பிரிக்காதிய" என்றாள் ஆவுடை, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மூத்தவளுக்கு இதுலயே தாலி கட்டணும்."

"ஏட்டி, ரெட்டைக்கு..."

"ஒரே நாள்ல வந்தாத்தாண்ணே ஒரே பந்தலு. இதுக ரெண்டும் எப்பப்ப வந்துச்சோ அப்பப்ப போவட்டும்." அவள் குரல் உயரவில்லை. "அன்னைக்கு நீங்க ஆளு பாத்தது எனக்கா, இல்ல ஒங்க பந்தலுல காலியாக் கெடந்த பாதிக்கா?"

கொம்பையா பந்தல்காலை ஆட்டி உறுதி பார்த்தார். பிறகு வாழைமரத்துக்குச் சொல்லிவிடப் போனார்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, சித்ரதுர்காவுக்குப் புறப்பட வேன் வந்து நின்றபோது பகவதி மட்டும் உள்ளே போய் மயில்தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறந்ததிலிருந்து இவனுக்காகக் காத்திருந்தாள், கெஞ்சினாள், திட்டினாள். வந்தான், இப்போது இவள் போகிறாள். அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பார்வை. அவள் சொன்னால் செய்வான்.

"அழாம நல்லபடியா சொல்லிட்டு வா ஏட்டி. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றார்கள் வாசலில் நின்ற பெண்கள்.

அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போயிட்டு வாரேன், இந்தா வந்துட்டேன், கொஞ்சம் பொறு. இவன் இதில் எதைக் கேட்டாலும் நம்பிவிடுவான். நம்பி, தொட்டிலிலேயே, இதே அளவில், மீசை முளைக்காமல், அக்கா வரட்டும் என்று கிடப்பான். பகவதி வார்த்தையை விழுங்கினாள்.

"நான் போறேன்டா" என்றாள். "எப்ப வருவேன்னு எனக்குத் தெரியாது. எனக்காவப் பாத்துக்கிட்டுக் கெடக்காத. நீ வளரு."

போகிற பெண் போறேன் என்று சொல்லலாமா, அதுவும் தாலி ஏறின அன்றைக்கு? பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். "சரியாத்தான் சொல்லுதா. விடுங்க" என்றாள் ஆவுடை.

பூதலிங்கம் அக்காவைப் பார்த்தான். முகம் மெல்லக் கோணியது, உதடு பிதுங்கியது, பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் போடாத பிள்ளை, பகவதி பிறந்த அன்றைக்குக் கத்தினாளே அதே மாதிரி, வீடு அதிரக் கத்தினான். பகவதி அவனைத் தூக்கவில்லை. அழுதுகொண்டே போய் வேனில் ஏறினாள், அவன் அழுகை காற்றோடு சேர்ந்து கணவாயின் திருப்பம் வரைக்கும் வந்தது.